எண்ணெய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் பழைய கார்களைப் பற்றி எழுதியிருந்தார். அடுக்குமாடி வீடுகளின் நிறுத்துமிடமெல்லாம் மின்யாக் ஈத்தாம் என்னும் கறுப்பு என்ஜின் எண்ணெய் சொட்டிக் கறுத்துக் கிடக்கிறது, பின்னால் போனால் நீலப் புகையில் மூச்சு முட்டுகிறது, பதினைந்து வருடம் தாண்டிய கார்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் கறுப்புத் திட்டுகளில் ஒன்றை என் கார்தான் ஒன்றரை வருடம் போட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவது தொழில். விடியற்காலை நாலரை மணிக்கு மாவு வாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் டத்தோ கெராமாட், கெலுகோர், ஆயர் ஈத்தாம் என்று ஏழு கடைக்கும் போட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். கார் 1997ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வரா, 1.3. என் கணவர் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது என் பெயரில் வாங்கியது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மாதாமாதம் ஐந்நூறு வெள்ளி தவணை கட்டிப் புதுக் கார் எடுக்கும் வருமானம் எனக்கு இல்லை. எங்கள் பிளாக்கில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவர் இருந்தவரை எண்ணெய் பார்ப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார். நான் மேலே ஜன்னலிலிருந்து பசியாற வரச் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் போன பிறகு அந்தப் பானெட்டை நான் திறக்கவே இல்லை. அவ்வப்போது பட்டறையில் விட்டு எண்ணெய் மாற்றி, குறைந்ததை ஊற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். கீழே சொட்டுவதைப் பார்த்தேன். பழைய காடி என்றால் அப்படித்தான் என்று நாலு பேர் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

போன வருடம் நவம்பர் மாதம், நல்ல மழை. மூன்றாவது மாடிப் பையன், பத்தொன்பது வயது, இரவு வேலை முடிந்து மோட்டாரில் வந்து திரும்பியிருக்கிறான். என் கார் நிற்கும் இடத்தின் ஓரத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. எண்ணெய் இருக்கும் தரையில் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் அங்கே கால் வைத்து நிற்கக்கூட முடியாது. நான் மாவு வாளியோடு கீழே இறங்கியபோது அவன் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தான். காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருந்தான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனும், “பரவால்ல ஆன்ட்டி, மழைதானே” என்றான். மழை இல்லை, என் கார்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

அன்றைக்கே சலவைத் தூளைக் கொட்டி, தண்ணீர் அடித்துத் தேய்த்துக் கழுவினேன். தரை சுத்தமானது. ஆனால் கழுவிய தண்ணீர் லோங்காங் சாக்கடையில் ஓடும்போது மேலே வானவில் மாதிரி பல நிறமாகப் படர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்துச் சாக்கடை சுங்கை பினாங்கு ஆற்றில் போய்ச் சேருகிறது, அங்கிருந்து கடல்தான். எண்ணெயை நான் அகற்றவில்லை, இடம் மாற்றிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. மரத்தூளோ மணலோ கொட்டி, ஊறவிட்டு, கூட்டிப் பையில் கட்ட வேண்டும். கழுவவே கூடாது. இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன்.

அப்புறம் பட்டறைக்குப் போனேன். எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. அங்கே காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள், புகைக்குழாயைப் பார்த்தார்கள், நீலப் புகை வந்தது. என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், 2,800 வெள்ளி ஆகும், காருக்கே அந்த விலை வராது, பேசாமல் தள்ளிவிடுங்கள் என்றார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு கருவி வைத்துப் பார்க்கவில்லை, கீழே குனிந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று ஒரு புட்டி கொடுத்து 35 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். அந்த மருந்து, இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சில கார்களில் கொஞ்ச காலம் தாங்குமாம். என் காரில் மூன்று வாரம்.

நான் மாவு போடும் கடைக்காரர் ஒருவர்தான் கார் பழுது பார்க்கும் ஒரு வயதான போமெனைக் காட்டினார். எழுபதைத் தாண்டியவர். வீட்டு முன்னால் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான் பட்டறை. காரைத் தொடுவதற்கு முன்னால் அவர் சொன்னது இது: “தங்கச்சி, எண்ணெய் கொறையறதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு கீழே சொட்டணும், இல்லேன்னா உள்ளே எரியணும். எதுன்னு தெரியாம யாருக்கும் காசு குடுக்காதே. மொதல்ல ரெண்டு வாரம் எழுதிட்டு வா.”

ஒரு 555 நோட்டுப் புத்தகம் வாங்கினேன். காலையில் கார் கிளம்பும் முன், சமமான தரையில், எண்ணெய் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். பக்கத்தில் கிலோமீட்டர். பெரும்பாலான சின்னக் கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர். என் கார் என்ஜின் மொத்தமே மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். முதல் நாள் உருவிப் பார்த்தபோது கீழ்க்கோட்டிலும் எண்ணெய் இல்லை, நுனியில் ஒரு துளி. அந்த நிலையில்தான் நான் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் டாஷ்போர்டில் கூஜா மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது ஏன் எரியவில்லை? நானும் கேட்டேன். அது எண்ணெயின் அளவைச் சொல்லும் விளக்கு இல்லை, அழுத்தத்தைச் சொல்லும் விளக்கு. எண்ணெய் பம்புக்குள் காற்றுப் போகும் அளவுக்கு வற்றிய பிறகுதான் எரியும். வளைவில் திரும்பும்போது ஒரு கணம் மினுக்கினாலே ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும், பக்கத்துப் பட்டறை வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. கார் ஓட்டும் பெண்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். அந்த விளக்கை நம்பித்தான் நான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன்.

பயத்தில் ஒரு நாள் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றிவிட்டேன். அதுவும் தப்பு. அளவு மிஞ்சினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், ஒழுக்கும் கூடும். போமென் அண்ணன் அரை லிட்டரைக் கீழே இறக்கினார்.

இரண்டு வாரக் கணக்கை வைத்துப் பார்த்ததில் 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்று தெரிந்தது. அடுத்தது அட்டை. கடையில் மைலோ பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்து, இரவு காருக்கு அடியில் விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட வேண்டும். காலையில் அதை எடுத்துக்கொண்டு போனேன். ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்பும் கறுப்பும் என்ஜின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் ஆட்டோ கியர் எண்ணெயாகவோ ஸ்டியரிங் எண்ணெயாகவோ இருக்கலாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் ரேடியேட்டர் தண்ணீர். வெறும் தண்ணீர் என்றால் ஏர்கான், கவலை இல்லை. சக்கரத்துக்கு உட்பக்கம் ஈரம் கண்டால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம், அன்றைக்கு அந்தக் காரை எடுக்கவே கூடாது. என் அட்டையில் இரண்டு இடத்தில் கறை. ஓர் ஓரத்தில் பெரிய திட்டு, கியர்பாக்ஸ் பக்கம் நாலைந்து பொட்டு.

சொட்டும் இடத்தில்தான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம் என்றார். மேலே கசிவது என்ஜினைச் சுற்றி வழிந்து எங்கேயோ போய்ச் சொட்டும், ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னால் தள்ளும். ஆகவே மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து என்ஜினைத் தேய்த்துத் துடைத்தார். பிறகு கைப்பையில் முகப் பவுடர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். காய்ந்த என்ஜின்மேல் அந்தப் பவுடரைத் தூவினார், விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டது. பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், மேல் மூடியின் மூலையிலிருந்து மை தீட்டியதுபோல் ஒரே ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. ஒன்றரை வருடத் திட்டுக்கும், அந்தப் பையனின் ஆறு வாரத்துக்கும் காரணம் அந்தக் கோடு. அந்த மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை, ராக்கர் கவர் காஸ்கெட். விலை 18 வெள்ளி.

காஸ்கெட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் நாலு மாதத்தில் மறுபடி ஒழுகியிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன வால்வை உருவி என் காதருகே ஆட்டினார். பிசிவி வால்வு என்றார். நல்லதாக இருந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும், என்னுடையது பிசின் பிடித்து ஊமையாக இருந்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி அதுதான். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ரப்பர் பலவீனமோ அந்த வழியாக எண்ணெயைத் தள்ளும். புது வால்வு 22 வெள்ளி, கூலி 60. ஆக நூறு வெள்ளியில் பெரிய ஒழுக்கு நின்றது.

ஆனாலும் எண்ணெய் குறைந்துகொண்டுதான் வந்தது. 1,400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று 555 புத்தகம் சொன்னது. மிச்சம் எரிகிறது. எரிவதிலும் இரண்டு வகை உண்டு. பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை வழித்து நிறுத்தும் வளையம் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது புகை வரும். வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் சின்ன ரப்பர் சீல் போயிருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்துப் புகை வரும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி அழுத்தும்போது வரும். காலை எடுத்தவுடன் என்ஜின் பலமாக உறிஞ்சுவதால், தேய்ந்த சீல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடுகிறது.

இதைப் பார்க்க பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில் என்னை ஓட்டச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே ஏறும்போது ஒன்றும் இல்லை. இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு வந்து, கீழே சமதரையில் அழுத்தினேன். பின்னால் ஊதுபத்திப் புகை நிறத்தில் ஒரு மேகம். “பாத்தியா தங்கச்சி, வளையம் இல்ல, சீலுதான்” என்றார். அதோடு விடவில்லை. திரும்பி வந்து பிளக்குகளைக் கழற்றிக் கம்பிரஷன் மீட்டர் வைத்தார். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். வளையம் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து எண் ஏறியிருக்கும், ஏறவில்லை. முதல் பட்டறை இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் ஓவர்ஹால் என்ற பேச்சே வந்திருக்காது.

பன்னிரண்டு சீல். சிலிண்டர் தலையைக் கழற்றாமலே, பிளக் துவாரத்தில் காற்றுக் குழாயை மாட்டி, வால்வு கீழே விழாமல் காற்றால் தாங்கவைத்து ஒவ்வொன்றாக மாற்றினார். பழைய சீல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டைக்காய் அளவு இருக்கும். நகத்தால் அழுத்தினேன், குழியவே இல்லை. இரண்டு விரலால் நசுக்கினேன், அப்பளம் மாதிரி ஒடிந்தது. என் அப்பா கெடாவில் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் என்றால் வளையும், இழுபடும் என்று அறிந்து வளர்ந்தவள் நான். இது மரத்து ரப்பர் இல்லை, செயற்கை ரப்பர்தான். ஆனாலும் இருபத்தைந்து வருடச் சூட்டில் வெந்தால் அதுவும் இப்படித்தான் ஆகிறது. சீல் 35 வெள்ளி, கூலியும் புது எண்ணெயும் சேர்த்து 220. இரண்டு வேலைக்கும் சேர்த்து மொத்தம் 355 வெள்ளி. அதற்குப் பிறகு 3,000 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், அரை லிட்டர்கூடக் குறையவில்லை. காலையில் புகையும் இல்லை.

எல்லாக் காரும் இப்படி 355 வெள்ளியில் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. வளையம் தேய்ந்துவிட்டால் என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அப்போது காரை விட்டுவிடுவதே நல்லது என்ற நிலைமையும் வரலாம். ஆனால் எது என்று பார்க்காமலே விற்றுவிடச் சொல்வதும், பார்க்காமலே 2,800 கேட்பதும், பார்க்காமலே எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் மூன்றும் தப்பு. மூன்றாவது தப்பைச் செய்தவள் நான்.

பதினைந்து வருடம் தாண்டிய கார்களைக் கட்டாயச் சோதனைக்கு அனுப்பும் திட்டம் ஒன்று முன்பே வந்தது. அரசாங்கம் 2009இல் அதை அறிவித்தது. மக்கள் எதிர்த்தவுடன் அதே வருடம் கைவிட்டது. அப்போது என் கணவரும் எதிர்த்தார், ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சத்தம் போட்டார். டாக்சி, பஸ், லோரி எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகின்றன. நம்முடைய சொந்தக் கார்கள் பெரும்பாலும் கைமாறும்போதுதான் போகின்றன. என் கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்போது என்னைக் கேட்டால், சோதனை இருக்கட்டும் என்பேன். கட்டணம் எளியவர்களுக்குத் தாங்கும்படி இருக்க வேண்டும், குறை இருந்தால் சரிசெய்து வர அவகாசம் கொடுக்க வேண்டும். வயதைப் பார்த்து இரும்புக்குப் போடச் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் நிறுத்துமிடத்தில் பத்து வயதுகூட ஆகாத கார் ஒன்றும் சொட்டுகிறது. எண்ணெயை வடிக்கும் திருகாணியில் வாஷர் மாற்றாமல் முறுக்கியிருக்கிறார்கள்.

அடுக்குமாடி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரை இழுத்துப் போவோம் என்று அறிவிப்பு ஒட்டுவதோடு ஒரு மூட்டை மரத்தூளும் ஒரு துடைப்பமும் வாங்கிக் கீழே வையுங்கள். வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்கள் பழைய எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள். கழித்த எண்ணெயைப் பட்டறைகள் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் அதற்கு எஸ்.டபிள்யூ. 305 என்று தனி எண்ணே இருக்கிறது, உரிமம் உள்ளவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். போமென் அண்ணனின் தகரக் கூரைக்கு அடியிலும் அந்த எண் எழுதிய பீப்பாய் நிற்கிறது. நான் கொண்டுபோன இரண்டு புட்டிகளையும் மறுக்காமல் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது மாடிப் பையன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அவன் சம்பளம் இழந்த ஆறு வாரத்துக்கு நான் கொடுக்கப் போன பணத்தை அவன் அம்மா வாங்கவில்லை. மாவு மட்டும் வாங்கிக்கொள்கிறார், அதற்குக் காசு நான் வாங்குவதில்லை. அவர்களுடைய கஞ்சில் காரின் டிப் ஸ்டிக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்.

என் அட்டையில் கியர்பாக்ஸ் பக்கம் விழுந்த நாலைந்து பொட்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை. அது கிராங்கின் பின்பக்கச் சீல். சீல் விலை சொற்பம், ஆனால் கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை எட்டும், கூலி அதிகம். கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம், எப்படியும் அப்போது இறக்கத்தானே வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டில் மரத்தூள் போட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை மாற்றுகிறேன். சென்ற வாரம் எழுதிய வாசகர் எங்கள் பக்கம் வந்தால் பார்க்கலாம், பச்சை நிற ஈஸ்வரா, தூணுக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
மாவு வியாபாரி, வாசகி
ஜெலுத்தோங், பினாங்கு